நான் காட்டிய பிளக் பாயின்ட்

இது நடந்து மூணு வருஷம் ஆவுது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுலேருந்து நடந்து போற தூரத்துல ஒரு கல்யாண மண்டபம். மே மாசத்து வெயில், பகல் பன்னெண்டு மணி. என் மச்சான் கல்யாணம். நான் நல்லவன் மாதிரி எழுதி முடிச்சிடலாம்னு ரெண்டு தடவ எழுதி ரெண்டு தடவையும் கிழிச்சிட்டேன். இந்தத் தடவ உள்ளத உள்ளபடி எழுதிடறேன், படிச்சிட்டுத் திட்டணும்னா திட்டிக்குங்க.

மொதல்ல ஆளுங்களச் சொல்லிடறேன். எனக்குக் கடலூர் முதுநகர். ஒரு ஹார்டுவேர் கடையில கவுன்டர்ல நிக்கிறேன். ஞாயித்துக்கெழமையானா எங்க பங்குக் கோயில்ல மைக்செட்டு என் பொறுப்பு. பன்னெண்டு வருஷமா அந்தப் பொட்டிய வேற யாரும் தொட்டதில்ல, நானும் தொட விட்டதில்ல. பாடகர் குழுவுல யாராவது எக்கோ கொஞ்சம் ஜாஸ்தி வைங்கண்ணேன்னு கேட்டாக்கூட மொறைப்பேன். பொண்டாட்டிக்கு ஊரு பரங்கிப்பேட்டை. அந்த வீட்டுக்கு அவதான் மூத்த பொண்ணு, நான் மூத்த மாப்பிள்ளை. எங்க பக்கம் மூத்த மாப்பிள்ளைன்னா என்னன்னு உங்களுக்கே தெரியும். பந்தக்கால் எங்க நடறதுன்னுகூட அவர ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் நடுவாங்க. கேக்கலேன்னா அவருக்குக் கோவம் வரணும். வரலேன்னா, என்னய்யா இந்த ஆளுக்கு ரோஷமே இல்லியான்னு பேசுவாங்க.

எட்டு வருஷம் அந்த வீட்டுல ராஜா மாதிரி இருந்தேன். அப்புறம் என் கொழுந்தியாளுக்குக் கல்யாணம் ஆச்சு. வந்து சேந்தாரு என் சகலை. அந்த வீட்டுல என்னயப் பெரியவருன்னும் அவர சின்னவருன்னும் சொல்லுவாங்க. நானும் அப்படியே சொல்றேன். சின்னவருக்குச் சிதம்பரம். ஆம்ப்ளிஃபயர், மிக்சர், ஸ்பீக்கர் எல்லாம் ரிப்பேர் பாக்கற கடை வெச்சிருக்காரு, கல்யாணம் காட்சிக்கு செட்டும் கட்டுவாரு.

அவரு மொத தடவ மாப்பிள்ளையா விருந்துக்கு வந்த அன்னைக்கு நானும் போயிருந்தேன். பண்ருட்டிலேருந்து ஒரு பலாப்பழம் வாங்கி, பஸ்ஸுல மடியில வெச்சுக்கிட்டு, தொடையெல்லாம் முள்ளு குத்த கொண்டு போனேன். அவரு வெறுங்கையோட வந்தாரு. வந்து உக்காந்தவரு, தலைக்கு மேல ஓடுன ஃபேனை அண்ணாந்து பாத்தாரு. அந்த ஃபேனு பல வருஷமா கர்ரு கர்ருன்னு கத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு, எங்க யாருக்கும் அது சத்தமாவே தெரிஞ்சதில்ல. ஸ்டூலு போட்டு ஏறி கால் மணி நேரத்துல அதோட வாய அடைச்சிட்டாரு. எங்க அத்தை, அதாவது மாமியாரு, வாயப் பொளந்துட்டாங்க. அன்னைக்கு வஞ்சிரம் மீன் கொழம்பு. மீன் தலை அவரு இலைக்குப் போச்சு. அதுவரைக்கும் அந்த வீட்டுல வஞ்சிரம் தலைன்னா எனக்குத்தான். என் பலாப்பழம் மூலையில கெடந்துச்சு, சாயந்தரம் வரைக்கும் ஒருத்தரும் அத வெட்டல.

சிரிக்காதீங்க. மீன் தலைக்காடா பொறாமைன்னு நானே என்னயக் கேட்டிருக்கேன். ஆமா, மீன் தலைக்குத்தான். அவரு ஒரு தடவையாவது பீத்திக்கிட்டா எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும். அதுவும் கெடையாது. என்னயப் பாத்தா எழுந்து நிப்பாரு. "அண்ணே, உங்க கோயில்ல என்ன மைக் வெச்சிருக்கீங்க?"ன்னு மரியாதையாக் கேப்பாரு. நான் சொல்ற அரைகுறை பதிலைக்கூடத் தலையாட்டிக் கேட்டுக்குவாரு. எனக்கு அது இன்னும் எரியும்.

இப்ப மாமாவப் பத்தி. எங்க மாமனாரு கோயில்ல உபதேசியாரா இருந்தவரு. முப்பது வருஷத்துக்கு மேல ஜெபம் சொல்லி, அறிக்கை வாசிச்சு, தேர் வந்தா முன்னாடி நின்னு ஜெபமாலை சொல்லிக்குடுத்தவரு. மைக்கே வேணாம், கடைசி வரிசையில தூங்கறவனும் முழிச்சிக்குவான். ஆனா வீட்டுக்குள்ள வந்தா நாலு வார்த்தைதான். தண்ணி குடு. வெத்தல எங்க. யாரு வந்தது. லைட்ட அணை. அத்தைகிட்ட அவரு ஒரு நல்ல வார்த்தை பேசி நான் பாத்ததே இல்ல. கெட்ட வார்த்தையும் பேசினதில்ல, அது வேற.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத் தொண்டையில கட்டி வந்துச்சு. புதுச்சேரியில ஆபரேஷன் பண்ணாங்க. உயிர் தப்பிச்சுது, கொரல் போயிடுச்சு. மிச்சம் இருந்தது வெறும் காத்துதான். பக்கத்துல போய் காத வெச்சாக் கேக்கும். அதுலேருந்து அவருக்குப் பதிலா அத்தைதான் பேசுவாங்க. டாக்டர்கிட்ட, பால்காரர்கிட்ட, போன்ல, எல்லாத்துக்கும். இவரு ஒதட்ட அசைப்பாரு, அவுங்க சத்தம் போட்டுச் சொல்லுவாங்க.

அவரு பையனுக்கு, அதாவது என் மச்சானுக்கு, கல்யாணம் நிச்சயமாச்சு. பொண்ணு வீடு சிதம்பரம். அங்கயே கோயில்ல பூசை, பக்கத்து மண்டபத்துல ரிசப்ஷன், சாப்பாடுன்னு முடிவாச்சு. அத பேசறதுக்காக எல்லாரும் பரங்கிப்பேட்டையில கூடினோம். மாமா என்னயும் சின்னவரையும் பக்கத்துல கூப்புட்டு, காத்தா ஒரு விஷயம் சொன்னாரு. மேடையில நன்றி சொல்றது அவரேதான் சொல்லுவாராம். அவருக்காக வேற யாரும் படிக்கக் கூடாதாம். ஒரே ஒரு தடவ, எல்லாருக்கும் கேக்கற மாதிரி பேசிடணுமாம். எங்களுக்கெல்லாம் கண்ணு கலங்கிடுச்சு. அந்தக் கல்யாணத்துல அவரு ஆசைப்பட்டது அது ஒண்ணுதான்.

"அதுக்கென்ன மாமா, எங்க கோயில் மிக்சரக் கொண்டாந்துடறேன், ஜமாய்ச்சிடலாம்"னு நான் நெஞ்ச நிமித்தினேன். மாமா தலைய ஆட்டிட்டு, என் கையப் புடிச்சுக்கிட்டே சொன்னாரு. "மைக்க சின்னவரு பாத்துக்கட்டும். நீங்க பந்தியப் பாருங்க."

பந்திதான் பெரிய பொறுப்பு, அது எனக்கும் தெரியும். ஐநூறு பேருக்குப் பிரியாணி. ஒருத்தன் எல கிட்ட ரைத்தா வரலேன்னாலும் குடும்ப மானம் போயிடும். நம்பினவனுக்குத்தான் அதக் குடுப்பாங்க. ஆனா எனக்கு அது காதுல ஏறல. பன்னெண்டு வருஷமா மைக்செட்டு பாக்கறவன் நான், என்னய ரைத்தா ஊத்தச் சொல்லிட்டாங்களேன்னுதான் இருந்துச்சு. ராத்திரி வீட்டுக்கு வந்து பொண்டாட்டிகிட்ட, உங்க வீட்டுல என்னய எப்ப மனுஷனா மதிச்சீங்கன்னு ஒரு மூச்சு கத்தினேன். அவ தட்டக் கழுவிட்டுப் படுத்துட்டா.

கல்யாணத்தன்னைக்குக் காலையில, கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி மண்டபத்துக்குப் போனேன். சமையல் பாக்கப் போனதா சொல்லிக்கலாம். நெசத்துக்கு அவரு செட்டப் பாக்கத்தான் போனேன். சின்னவரு ஒரு பவர் மிக்சர் கொண்டாந்து ஹாலோட ஓரத்துல மேசை போட்டு வெச்சிருந்தாரு. தெரியாதவங்களுக்குச் சொல்றேன், பவர் மிக்சர்னா மிக்சரும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பொட்டியில இருக்கும், ஸ்பீக்கர நேரா அதுலயே குத்திக்கலாம். சின்னக் கூட்டத்துக்கு அது போதும். ஆனா அதுல ஒரு தலவலி உண்டு. மெதுவாப் பேசறவங்களுக்காக மைக்கோட கெயின, அதாவது மைக் இழுக்கற சத்தத்தோட அளவ, தூக்கி வெச்சோம்னா, பேச்சோட சேந்து இரைச்சலும் தூக்கிட்டு வரும். ஒயர்ல, கரன்ட்டுல இருக்கற அழுக்கெல்லாம் ஸ்பீக்கர்ல பாடும். மாமாவோட கொரலுக்கு கெயின ஏறக்குறைய முழுசா தொறக்கணும்.

அதுக்காக அவரு என்னென்ன பண்ணியிருந்தாருங்கறீங்க! மண்டபத்து மெயின் போர்டுலேருந்து மிக்சருக்குன்னு தனி லைன் இழுத்து, மேடைக்குப் பின்னாடி பூ அலங்காரத்துக்கு அடியில ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வெச்சிருந்தாரு. அதுக்கு எர்த் சரியா இருக்கான்னு டெஸ்ட் பண்ணியிருந்தாரு. மாமாவுக்குன்னு தனியா ஒரு மைக், புது ஒயரு. ஐஸ்கிரீம் பொட்டி, ஏர்கூலர், லைட்டு எல்லாத்துக்கும் வேற பக்கம். அங்க இருந்தவங்க எல்லாரையும் கூப்புட்டு, "இந்த பாக்ஸுல மட்டும் வேற எதயும் குத்திடாதீங்க, கும்பிட்டுக் கேட்டுக்கறேன்"னு சொன்னாரு. அந்தக் கூட்டத்துல நானும் நின்னேன்.

அப்புறம் மாமாவ மைக்குல பேசச் சொன்னாரு. மாமா ஒதட்ட அசைச்சாரு. "ஒண்ணு, ரெண்டு, மூணு."

சொன்னா நம்ப மாட்டீங்க. காலி மண்டபத்துல கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டுச்சு. கொஞ்சம்கூட இரைச்சல் இல்ல. அவரு மூச்ச இழுக்கறதுகூடக் கேட்டுச்சு. சமையல்காரங்க கரண்டியோட வெளிய வந்து பாத்தாங்க. மாமா மைக்கயே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் கீழ எறங்கி வந்து சின்னவரோட கன்னத்துல தட்டிக் குடுத்தாரு, சின்னப் புள்ளையத் தட்டற மாதிரி.

என் கன்னத்த அவரு ஒரு நாளும் தட்டினதில்ல. வயிறு எரிஞ்சுதுன்னு சும்மா சொல்லுவாங்கன்னு நெனச்சிருந்தேன். நெசமாவே எரிஞ்சுது. அங்கயே நின்னுக்கிட்டு, இந்த மிக்சர் ஒரு அஞ்சு நிமிஷம் கொரகொரன்னு கத்தணும்டா சாமின்னு நெனச்சேன். இவரு திணறணும், எல்லாரும் என்னயத் தேடணும்.

பூசை முடிஞ்சு பதினொன்னரைக்கு எல்லாரும் மண்டபத்துக்கு வந்தாங்க. சின்னவரு பாட்டு போட்டுட்டாரு. நான் மேடைப் பின்பக்கமா டைனிங் ஹாலுக்குப் போய்க்கிட்டிருந்தேன். அப்ப மேடை லைட்டு கட்டறவரு, கையில பிளக்க வெச்சுக்கிட்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தேடிக்கிட்டிருந்தாரு. அவருக்குக் குடுத்த பாயின்ட்ல யாரோ ஏர்கூலரக் குத்திட்டாங்களாம். என் சட்டையில குத்தியிருந்த ரோஜாவப் பாத்துட்டு, "சார், நீங்க வீட்டு ஆளுதானே, எனக்கு ஒரு பாயின்ட் காட்டுங்க சார்"னாரு.

அவரு லைட்டு சாதா லைட்டு இல்ல. மங்கி மங்கிப் பிரகாசமாகுமே, அந்த மாதிரி. அதுக்கு ஒரு கன்ட்ரோல் பொட்டி உண்டு. அந்தப் பொட்டிய மிக்சரோட லைன்ல குத்தி, மைக் ஒயர ஒட்டி அதோட ஒயரும் போச்சுன்னா இரைச்சல் கட்டாயம் வரும். எங்க கோயில்ல ஒரு கிறிஸ்துமஸுக்கு குடில் லைட்டால இதே மாதிரி மாட்டிக்கிட்டு முழிச்சிருக்கேன். அதனால தெரியாம செஞ்சேன்னு சொல்றதுக்கு எனக்கு வழியே இல்ல.

பூவ வெலக்கி அந்த ஜங்ஷன் பாக்ஸக் காட்டினேன். "இதுல குத்திக்குங்க, ஒண்ணும் ஆவாது"ன்னேன். அவரு தேங்க்ஸ் சார்னு சொல்லிட்டுக் குத்தினாரு.

என் கணக்கு என்னன்னா, பாட்டு ஓடறப்பவே இரைச்சல் வரும், சின்னவரு நாலா பக்கமும் ஓடுவாரு, அஞ்சு நிமிஷம் விட்டுட்டு நான் போய்ப் புடுங்கிடுவேன். அவ்வளவுதான். மாமா பேச இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள எல்லாம் சரியாயிடும், பேரு எனக்கு வந்துடும்.

ஆனா லைட்டு எரிஞ்சும் ஒரு சத்தமும் வரல. பாட்டு சுத்தமா ஓடுச்சு. மாமாவோட மைக்குக்குத்தான் கெயின் ஏத்தி வெச்சிருக்கு, அதோட ஃபேடர், அதாவது சத்தத்த ஏத்தி எறக்கற கட்டை, அப்ப கீழ எறக்கி இருக்கு, அது மேல வந்தாத்தான் இரைச்சலும் வரும். பன்னெண்டு வருஷம் பொட்டி தட்டினவனுக்கு இது தெரிஞ்சிருக்கணும். யோசிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். பொறாமை புடிச்சவன் எங்க யோசிக்கிறான்? அட, இதுலயும் சின்னவரு தப்பிச்சிட்டாருன்னு கடுப்பாயி, பிளக்க அப்படியே விட்டுட்டு டைனிங் ஹாலுக்குப் போயிட்டேன்.

மொதப் பந்திக்கு எல போட்டுக்கிட்டிருக்கோம். பூசை வெச்ச ஃபாதருக்கு சேத்தியாத்தோப்பு பக்கம் ஒரு அடக்கப் பூசைக்குப் போகணுமாம், அவரு கெளம்பறதுக்கு முன்னாடி மாமாவப் பேசச் சொல்லிட்டாங்க. எனக்கு அது தெரியாது. கையில எலக்கட்டோட நிக்கிறேன், ஹாலு பக்கமிருந்து கேக்குது.

கொர்ர்ர்ர்ர். மங்கி, ஏறி, மங்கி, ஏறி, அந்த லைட்டு எரியற தாளத்துக்கே.

எலக்கட்ட அப்படியே போட்டுட்டு ஓடினேன். டைனிங் ஹால் வாசல்ல மொதப் பந்திக்கு முண்டியடிச்சுக்கிட்டு அம்பது பேரு நிக்கிறாங்க. "வழி விடுங்க, வழி விடுங்க"ன்னு கத்தறேன், ஒருத்தரும் நகரல. "இருய்யா, நாங்களும்தான் பசியோட நிக்கிறோம்"னு ஒருத்தரு சண்டைக்கு வந்தாரு. நெரிச்சுக்கிட்டு உள்ள போறதுக்குள்ள எவ்வளவு நேரம் ஆச்சுன்னு எனக்குத் தெரியாது.

மாமா மேடையில நிக்கிறாரு. ஒரு கையில மைக்கு, ஒரு கையில மடிச்ச பேப்பர். பேப்பரப் பாத்துப் படிச்சுக்கிட்டே இருக்காரு. ஒதடு அசையறது மட்டும்தான் தெரியுது. ஸ்பீக்கர்ல கொர்ர்ர்தான் வருது. ஆபரேஷனுக்கு அப்புறம் அவருக்குக் காதும் கொஞ்சம் மந்தம், அதனால மொதல்ல அவருக்குப் புரியல. முன்வரிசையில அத்தை, காத முன்னாடி நீட்டிக்கிட்டு என் பொண்டாட்டிகிட்ட, "என்னடி சொல்றாரு? உங்கப்பா என்னடி சொல்றாரு?"ன்னு கேக்கறாங்க. பின்னாடி சில பசங்க அந்தச் சத்தம் மாதிரியே வாயால போட்டுச் சிரிக்கிறாங்க.

சின்னவரு மேசைகிட்ட ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டிருந்தாரு. மாமாவோட ஃபேடர எறக்கினாரு, இரைச்சல் நின்னுது. ஏத்தினாரு, வந்துது. எக்கோவ அணைச்சாரு. ஒயர மாத்தினாரு. வேற சேனலுக்கு மாத்தினாரு. இவரு இப்படி நிக்கறதப் பாக்கத்தான நான் ஆசப்பட்டேன்? பாத்தேன். எனக்குக் கொஞ்சம்கூட சந்தோஷமா இல்ல.

மாமா பசங்க சிரிக்கறதப் பாத்துட்டாரு. மைக்க எறக்கிட்டாரு. பேப்பர சட்டப்பையில வெச்சுக்கிட்டு, மெதுவாப் போய் நாற்காலியில உக்காந்துட்டாரு.

சின்னவரு என்னயப் பாத்தாரு. அத்தன பேரு முன்னாடி, "அண்ணே, வாங்கண்ணே! என்னன்னு பாருங்கண்ணே, எனக்குப் புடிபடல"ன்னு கெஞ்சினாரு.

நான் அவருகிட்ட போகவே இல்ல. நேரா மேடைக்குப் பின்னாடி போய், பூவுக்கு அடியில கைய விட்டு அந்த லைட்டு பிளக்கப் புடுங்கினேன். இரைச்சல் பட்டுன்னு நின்னுது.

கைதட்டினாங்க. பொண்ணோட பெரியப்பா சத்தமா, "மூத்த மாப்பிள்ளைன்னா மூத்த மாப்பிள்ளைதான்யா, பாத்தியா, ஒரே நிமிஷத்துல கண்டுபுடிச்சிட்டாரு!"ன்னாரு. யாரோ என் முதுகுல தட்டினாங்க. நான் எதுக்கு ஏங்கினேனோ அது பூரா வந்துடுச்சு.

மாமாவ மறுபடி எழுப்பினாங்க. வேணாம்னு கையாட்டினாரு. என் மச்சான் போய், "ஒரு வார்த்தையாவது பேசுங்கப்பா"ன்னு கையப் புடிச்சுக் கூட்டி வந்தான். மாமா பேப்பர எடுக்கல. "எல்லாரும் இருந்து சாப்புட்டுப் போகணும்"னு மட்டும் சொன்னாரு. கடைசி வரிசை வரைக்கும் தெளிவாக் கேட்டுச்சு, காலையில கேட்ட மாதிரியே. அத்தை எழுந்து நின்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க, அவரு பேசிட்டாருங்கற சந்தோஷத்துல. பேப்பர் அவரு சட்டப்பையிலயே இருந்துச்சு.

மூணு மணிக்கு மண்டபம் காலியாச்சு. சின்னவரு ஒயரு சுத்திக்கிட்டிருந்தாரு. நான் பக்கத்துல போய் நின்னேன், ஏதாவது பேசணும்னு. அவரு தலையத் தூக்காமயே பேசினாரு.

"லைட்டுக்காரரு சொன்னாருண்ணே, யாரு பாயின்ட் காட்டினதுன்னு."

அவரு சுத்தறத நிறுத்தல.

"நேத்து சாயந்தரம் மாமா எங்க கடைக்கு வந்திருந்தாரு. நாலு தடவ படிச்சுப் பாத்தாரு. மொத வரியே அத்தையப் பத்தி. 'ஆபரேஷன் ஆனதுலேருந்து எனக்காகப் பேசறது அவதான். இன்னைக்கு ஒரு நாளு அவளுக்காக நான் பேசறேன்.' இப்படி எழுதியிருந்தாரு. அந்த எடத்துல தொண்டை அடைக்குது, அதான் மொதல்லயே சொல்லிடறேன்னாரு. இரைச்சல்ல போனது அந்த வரிதாண்ணே."

நான் அவரு கையப் புடிக்கப் போனேன். வெலக்கிக்கிட்டாரு. கோவமா வெலக்கல, கையில ஒயரு இருந்துச்சு. "உங்களுக்கு மைக்க நீங்களே பாக்கணும்னு இருந்தா எங்கிட்ட கேட்டிருக்கலாமே. நான் பந்திக்குப் போயிருப்பேன். எனக்கு என்ன?"ன்னாரு. அன்னைக்கும் சரி, அதுக்கப்புறமும் சரி, அத அவரு யாருகிட்டயும் சொல்லல.

மாமா வீட்டுல போய் அந்த வரிய அத்தைகிட்ட சொல்லிக்குவாருன்னு நான் மனசத் தேத்திக்கிட்டேன். சொல்ற ஆளா அவரு? மைக்கு முன்னாடி நின்னாத்தான் அவருக்கு வாய் தொறக்கும். ஒரு நாள் பரங்கிப்பேட்டைக்குப் போனப்ப அவருகிட்ட, "மாமா, அன்னைக்கு எழுதி வெச்சிருந்தீங்களே, அத உங்க கல்யாண நாளுக்கு மைக் கட்டிப் பேச வெக்கட்டுமா?"ன்னு கேட்டுப் பாத்தேன். சிரிச்சுக்கிட்டே, போதும்பாங்கற மாதிரி கையாட்டிட்டாரு. அந்த வருஷமே கட்டி திரும்ப வந்துச்சு. இருந்த காத்தும் போச்சு. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி அவரே போயிட்டாரு.

மறு வருஷம் கல்லறைத் திருநாளுக்குக் குடும்பத்தோட பரங்கிப்பேட்டைக்குப் போனோம். கல்லறையில மெழுகுவத்தி ஏத்திட்டு வீட்டுக்கு வந்தோம். மத்தவங்க எல்லாம் வாசல்ல பேசிக்கிட்டிருந்தாங்க. அத்தை எனக்கு மட்டும் சாப்பாடு போட்டாங்க. கொழம்புச் சட்டியில துழாவி மீன் தலைய எடுத்து என் தட்டுல வெச்சாங்க. என்னால சாப்புட முடியல. சொல்லிட்டேன். பாயின்ட் காட்டினது, வேணும்னே காட்டினது, எதுக்காகக் காட்டினேங்கறது, மாமா எழுதி வெச்சிருந்த வரி, எல்லாத்தையும்.

அத்தை கரண்டியக் கீழ வெச்சாங்க. திட்டுவாங்க, வெளிய போங்கம்பாங்கன்னு நெனச்சேன். அவுங்க, "என்ன சொன்னாராம்? இன்னொரு தடவ சொல்லுங்க மாப்ள"ன்னாங்க.

சொன்னேன். ஆபரேஷன் ஆனதுலேருந்து எனக்காகப் பேசறது அவதான். இன்னைக்கு ஒரு நாளு அவளுக்காக நான் பேசறேன்.

கண்ண மூடிக்கிட்டாங்க. "இன்னொரு தடவ."

மறுபடி சொன்னேன். ஒரு வார்த்தை மாறாம சொன்னேன். அப்புறம் கண்ணத் தொறந்து, கோவமே இல்லாம, "இல்ல மாப்ள. நீங்க சொன்னா அவரு சொன்ன மாதிரி இல்ல"ன்னாங்க. எழுந்து தண்ணி கொண்டாரப் போனாங்க.

என் பொறாமை போயிடுச்சான்னு கேட்டீங்கன்னா, முழுசாப் போகலன்னுதான் சொல்லணும். போன மாசம் சின்னவரு புதுசா ஒரு மிக்சர் வாங்கினதாக் கேள்விப்பட்டப்பகூட அடிவயித்துல லேசா எரிஞ்சுது. ஆனா கோயில்லயோ கல்யாணத்துலயோ யாரு கையிலயாவது மைக்கக் குடுக்கறப்ப, இவரு பேசறது யாருக்குக் கேக்கணுமோ அவுங்க எந்த வரிசையில உக்காந்திருக்காங்கன்னு தேடிப் பாக்காம இன்னைக்கு வரைக்கும் என்னால அத குடுக்க முடியல.